கழற்றி மாட்டியதும் சரியான கார்: பழைய வாகனத்தின் மின் இணைப்புகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

அந்தக் காருக்கு வயது 23. பெட்ரோலில் ஓடுவது. எனக்கு முன் இருவர் கையில் இருந்தது. அவர்களில் ஒருவர் முன்பக்கத்து இடது மூலையை எதிலோ மோதி, தகடு தட்டி, புதிதாக வண்ணம் அடித்திருந்தார். வாங்கும்போது இந்தச் செய்தியைக் காதில் போட்டுக்கொண்டேனே தவிர மனத்தில் போட்டுக்கொள்ளவில்லை.

கோளாறுகள் மூன்று. இடது ஹெட்லைட் வலதைவிட மங்கலாக, மஞ்சள் பாய்ந்து எரிந்தது. இடது இண்டிகேட்டரைப் போட்டால், அணைந்திருக்க வேண்டிய பார்க்கிங் விளக்கும் கூடவே மினுக்கியது. மூன்றாவது கோளாறு இவற்றுக்கு உறவே இல்லாததுபோல் இருந்தது. என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும், குளிர்ந்த என்ஜினுக்கு ஊட்டுவதுபோல் பெட்ரோலை அதிகமாக ஊட்டிக்கொண்டிருந்தது. புகைக்குழாயில் பெட்ரோல் வாடை, நின்றிருக்கும்போது உதறல். எல்லாம் மழைக்காலத்தில் கூடும், வெயில் காய்ந்தால் குறையும்.

இவற்றுக்காக மாற்றிய பாகங்கள்: இடது ஹெட்லைட் பல்ப் இரண்டு முறை, பேட்டரி ஒருமுறை, என்ஜின் குளிர்நீரின் வெப்பநிலையை அளக்கும் சென்சார் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் வண்டி தேறியது. பல்ப் சில நாள் பளிச்சென்று எரிந்தது. சென்சார் மாற்றியபின் என்ஜின் மூன்று வாரம் பூனைபோல் ஓடியது. பிறகு எல்லாம் பழைய குருடி, கதவைத் திறடி.

அந்த மூன்று வாரம்தான் என்னை உறுத்தியது. புதிய சென்சார் மூன்று வாரத்தில் சாகாது. பழைய சென்சார் எறியப்படாமல் பெட்டியில் கிடந்தது. அதை எடுத்து, தெர்மாமீட்டரோடு தண்ணீரில் போட்டு அளந்தேன். 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 2.5 கிலோ ஓம், 80 டிகிரியில் 310 ஓம். இவ்வகைச் சென்சாருக்கு இருக்க வேண்டிய அளவு அதுவே. குற்றமற்ற ஒன்றைத் தண்டித்திருக்கிறோம்.

சென்சாரை மாற்றும்போது நாம் செய்வது இரண்டு வேலை. பாகத்தை மாற்றுகிறோம், அதற்காகக் கனெக்டரைக் கழற்றித் திரும்ப மாட்டுகிறோம். இரண்டாவது வேலைக்கு யாரும் ரசீது எழுதுவதில்லை. ஆனால் என் காரைத் தேற்றியது அந்த இரண்டாவது வேலைதான். கழற்றி மாட்டும் உரசலில், டெர்மினல் என்னும் உலோகத் தொடுமுனை மேலிருந்த அழுக்குப் படலம் கொஞ்சம் வழித்தெடுக்கப்பட்டது, இணைப்பு சில காலம் உயிர்பெற்றது, பெயர் புதிய பாகத்துக்குப் போனது.

மீட்டர் சொன்ன பொய்

இப்படி ஒரு சந்தேகம் வந்ததும் மெக்கானிக்கிடம் எர்த் இணைப்புகளை, அதாவது மின்சாரம் காரின் உடல்தகடு வழியாகப் பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்பும் இணைப்புகளை, பார்க்கச் சொன்னேன். அவர் மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்துத் தொட்டுக் காட்டினார். “பீப் அடிக்கிறது பாருங்கள் சார், எர்த் எல்லாம் சுத்தமாக இருக்கிறது” என்றார். அவர் ஏமாற்றவில்லை, மீட்டர்தான் ஏமாற்றியது. அந்த ஒலி பல மீட்டர்களில் சில பத்து ஓம் மின்தடை இருந்தாலும் வரும். ஓம் அளவில் வைத்துப் பார்த்தாலும் பெரிதாகப் பயனில்லை. மீட்டரின் வயர்களுக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும். நான் தேடிய கோளாறும் அந்த அளவுதான். மேலும் மீட்டர் ஓம் அளக்கச் செலுத்தும் மின்னோட்டம் மிகச் சிறியது. இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சிய வயரைக்கூட அது நல்ல வயர் என்றே சொல்லும். ஹெட்லைட்டின் நான்கைந்து ஆம்பியரை அந்த ஓர் இழையில் ஓடவிட்டால்தான் உண்மை வெளிப்படும்.

எனவே விளக்கை எரியவிட்டு, சுமை ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்னழுத்த இழப்பை அளந்தேன். செய்முறை எளிது. மீட்டரை வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றைப் பல்ப்பின் எர்த் டெர்மினலிலும் வைக்க வேண்டும். அந்தப் பாதையில் எவ்வளவு வோல்ட் தொலைகிறதோ அது திரையில் தெரியும். நேர்முனைப் பாதைக்கும் அதுவே முறை. ஒரு நல்ல எர்த் இணைப்பில் 0.1 வோல்ட்டுக்கு மேல் தொலையக் கூடாது என்பது பொதுவான கணக்கு.

என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட். இடது பல்ப்பின் முனைகளில் 11.2 மட்டுமே. தொலைந்த 2.7 வோல்ட்டில் நேர்முனைப் பாதை 0.9 தின்றது, எர்த் பாதை 1.8 தின்றது. வலது பல்ப்புக்கு 13.2 கிடைத்துக்கொண்டிருந்தது.

இரண்டு வோல்ட்தானே என்று தோன்றலாம். இழை பல்ப்பின் வெளிச்சம் மின்னழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை. ஏறத்தாழ அதன் 3.4ஆம் அடுக்குக்கு ஏற்ப விழுகிறது. 10 விழுக்காடு வோல்ட் குறைந்தால் 30 விழுக்காடு வெளிச்சம் போய்விடும். என் இடது விளக்கு வலதின் வெளிச்சத்தில் 57 விழுக்காடு அளவே தந்திருக்கும். மஞ்சள் பாய்ந்ததற்கும் இழை போதிய சூடேறாததே காரணம்.

எர்த் பாதையில் 1.8 வோல்ட், ஓடும் மின்னோட்டம் சுமார் 4.5 ஆம்பியர். மின்தடை 0.4 ஓம். ஓமில் அளந்தபோது மீட்டர் வயரின் சொந்தத் தடையோடு கலந்து மறைந்துபோன எண் இதுதான். அந்த இடத்தில் வீணாகும் ஆற்றல் 8 வாட். அத்தனையையும் காரின் உடல்தகடு உறிஞ்சிக்கொண்டதால் தொட்டுப் பார்த்தும் சூடு தெரியவில்லை. நேர்முனையில் வீணானது 4 வாட்டே. ஆனால் அது பல்ப் ஹோல்டரின் பிளாஸ்டிக்குக்குள் அடைபட்டிருந்தது; ஹோல்டர் பழுப்பேறி ஒரு பக்கம் இளகியிருந்தது. இரண்டு முறை பல்ப் மாற்றியபோதும் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். பார்த்தோம், படிக்கவில்லை.

சென்சார் பாதையை வேறு விதமாக அளக்க வேண்டியிருந்தது. அதில் ஓடுவது சில மில்லி ஆம்பியர்தான். சாவியை அணைத்து, பேட்டரியைத் துண்டித்து, கட்டுப்பாட்டுக் கணினியின் கனெக்டரைக் கழற்றி, அந்த முனையிலிருந்து சென்சார் வரைக்கும் ஓம் பார்த்தேன். என்ஜின் அப்போது நல்ல சூட்டில் இருந்தது. சென்சாரின் முனைகளிலேயே அளந்தால் 310 ஓம். கணினி முனையில் 590. கனெக்டரை விரலால் அசைத்தால் 640க்குத் தாவிவிட்டுத் திரும்பியது. இடையில் 280 ஓம் எங்கிருந்தோ முளைத்திருந்தது. சுமார் 590 ஓம் என்பது 60 டிகிரிக்கு உரிய அளவு. 80 டிகிரியில் கொதித்துக்கொண்டிருந்த என்ஜினை, இன்னும் 60ஐத் தாண்டவில்லை என்று கணினி நம்பிக்கொண்டிருந்தது. அதனால்தான் அந்தப் பெட்ரோல்.

மூன்று கோளாறு, மூன்று நோய்

எர்த் போல்ட்டிலிருந்து தொடங்கினேன். இடது மட்கார்டின் உட்புறத்தில், ஹெட்லைட், பார்க்கிங் விளக்கு, இண்டிகேட்டர் மூன்றின் எர்த் வயர்களும் ஒரே போல்ட்டின் அடியில் வளைய டெர்மினல்களாகச் சேர்ந்திருந்தன. போல்ட்டைக் கழற்றியதும் கதை முழுவதும் வெளியே வந்தது. டெர்மினலுக்கு அடியில் தகடு இல்லை; வண்ணம் இருந்தது. மோதலுக்குப் பிறகு வண்ணம் அடித்தவர் போல்ட் துளையைச் சுற்றியும் அடித்துவிட்டு, அதன் மேலேயே டெர்மினலை முடுக்கியிருக்கிறார். அத்தனை காலமும் மின்சாரம் போல்ட்டின் மரைகள் வழியாக மட்டுமே ஓடியிருக்கிறது. மரை துருப்பிடிக்கப் பிடிக்கப் பாதை குறுகிக்கொண்டே வந்தது.

இண்டிகேட்டரோடு பார்க்கிங் விளக்கு மினுக்கிய மர்மமும் இங்கேதான் அவிழ்ந்தது. பொது எர்த் அடைபட்டதால், இண்டிகேட்டரின் மின்சாரத்தில் ஒரு பகுதி பார்க்கிங் பல்ப்பின் இழைக்குள் தலைகீழாக நுழைந்து, அதன் நேர்முனை வயர் வழியே மற்றப் பார்க்கிங் விளக்குகளுக்குப் போய், அவற்றின் நல்ல எர்த்தில் இறங்கியது. ஒரு விளக்கைப் போட்டால் தொடர்பில்லாத இன்னொன்று மினுக்கினால், சுவிட்சையோ ஃபியூஸையோ தேட வேண்டாம். அந்த இரண்டுக்கும் பொதுவான எர்த்தைத் தேடுங்கள்.

பல்ப் ஹோல்டரில் இருந்தது வேறு நோய். பெண் டெர்மினலின், அதாவது ஊசியைக் கவ்வும் முனையின், இதழ்கள் விரிந்து பிடிப்பை இழந்திருந்தன. பிடிப்பு தளர்ந்தால் தடை கூடும். தடை கூடினால் சூடு கூடும். சூடு பித்தளையின் விறைப்பை மேலும் குலைக்கும். ஒருமுறை தொடங்கிவிட்டால் தானாக நிற்காது.

சென்சார் கனெக்டரைத் திறந்தபோது எனக்கு ஏமாற்றமே. பச்சைக் களிம்பை எதிர்பார்த்தேன். இல்லை. ஊசிகள் பார்வைக்குச் சுத்தமாக இருந்தன, பெண் டெர்மினல் தொடும் இடத்தில் மட்டும் ஒரு சிறு கரும்புள்ளி. செம்பில் களிம்பு எப்போது ஏறியது என்று சொல்ல முடியாது, அதுபோலத்தான் உயிரில் ஆணவம் என்று சைவ சித்தாந்திகள் உவமை சொல்வார்கள். அந்தக் களிம்பாவது கண்ணுக்குத் தெரியும். இது தெரியாத வகை.

பெரும்பாலான கனெக்டர் ஊசிகளின் மேல் மெல்லிய வெள்ளீய முலாம் இருக்கும். வெள்ளீயம் மென்மையானது; அதன் மேல் படரும் ஆக்சைடு கடினமானது. மாட்டும்போது அந்த ஆக்சைடு ஓடு நொறுங்கி விலக, அடியிலுள்ள உலோகங்கள் நேராகத் தொட்டுக்கொள்கின்றன. பிறகு என்ஜினின் அதிர்வாலும், சூடேறிக் குளிர்வதாலும், தொடும் இடம் முடியின் தடிமனுக்கும் குறைவாக முன்னும் பின்னும் நகர்கிறது. ஒவ்வொரு நகர்விலும் புதிய வெள்ளீயம் காற்றுக்கு வெளிப்பட்டு ஆக்சைடாகி, கரும்பொடியாக அங்கேயே குவிகிறது. ஹெட்லைட் போன்ற கனத்த மின்னோட்டம் என்றால் இத்தகைய மெல்லிய படலத்தைப் பெரும்பாலும் துளைத்துக்கொண்டு போய்விடும். சென்சாரின் 5 வோல்ட்டுக்கும் சில மில்லி ஆம்பியருக்கும் அந்த வலு இல்லை. நோஞ்சானை மடக்க ஒரு கரும்புள்ளி போதும்.

சுத்தம் செய்தது

முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றினேன். காற்றுப்பை (ஏர்பேக்) உள்ள வண்டி என்பதால் அதன் பின் சில நிமிடம் காத்திருந்தேன். மஞ்சள் நிறக் கனெக்டர்கள் பெரும்பாலும் காற்றுப்பைக்கு உரியவை. அவற்றைத் தொடவில்லை, அவற்றில் மீட்டரையும் வைக்கவில்லை. எவ்வளவு ஆசையிருந்தாலும் வீட்டில் செய்யும் வேலை அந்த எல்லையில் நின்றுவிட வேண்டும் என்பது என் கொள்கை.

23 ஆண்டு என்ஜின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் அப்பளம்போல் நொறுங்கும். கனெக்டரின் பூட்டை அழுத்துவதற்கு முன் முடி உலர்த்தும் கருவியால் சற்றுச் சூடு காட்டினால் கொஞ்சம் இளகும். வயரைப் பிடித்து இழுக்காமல் உறையைப் பிடித்தே இழுக்க வேண்டும். இத்தனை தெரிந்தும் ஒரு பூட்டை உடைத்தேன். அவசரம்.

எர்த் போல்ட்டுக்கு முரட்டு வைத்தியமே சரி. டெர்மினலின் இரு பக்கத்தையும், தகட்டில் அது உட்காரும் வட்டத்தையும், போல்ட் தலையின் அடிப்பக்கத்தையும் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் உலோகம் மின்னும்வரை தேய்த்தேன். பற்கள் கொண்ட வாஷர் வைத்து முடுக்கினேன். முடுக்கி முடித்த பிறகுதான் மேலே கிரீஸும், சுற்றிலும் வெளிப்பட்ட தகட்டுக்கு வண்ணமும். வரிசை மாறினால் முன்னவர் செய்த பிழையை நானும் செய்தவன் ஆவேன்.

அதே உப்புத்தாளைச் சென்சார் ஊசியின் மேல் வைத்தால் கெட்டது. முலாம் மிக மெல்லியது. சுரண்டினால் அன்றைக்குப் பளபளக்கும், பிறகு அடியிலுள்ள செம்புக் கலவை முன்பைவிட வேகமாகக் கறுக்கும். தங்க முலாம் என்றால் சொல்லவே வேண்டாம். அங்கே எச்சம் விடாத கான்டாக்ட் கிளீனரை அடித்து, மென்மையான நைலான் தூரிகையால் துடைத்து, மறுபடி அடித்து, முழுக்க உலரவிட்டேன். பிறகு காய்ந்த நிலையிலேயே ஐந்தாறு முறை மாட்டிக் கழற்றினேன். மூன்று வார அற்புதத்தை நிகழ்த்திய அதே உரசல், இம்முறை தெரிந்தே.

வினிகரும் உப்பும் கலந்து களிம்பை எடுக்கும் வழி பலருக்கும் தெரியும். நானும் முன்பு ஒரு பின்விளக்கு டெர்மினலில் செய்திருக்கிறேன். களிம்பு சில நிமிடத்தில் கரைந்தது, செம்பு புதுக்காசுபோல் ஆனது. சில மாதங்களில் அதே இடம் முன்பைவிடப் பச்சையாக இருந்தது. அமிலம், டெர்மினல் வயரை நெரித்துப் பிடித்திருக்கும் இடத்துக்குள்ளும், அங்கிருந்து வயர் இழைகளின் இடுக்கு வழியே காப்புறைக்குள்ளும் ஏறி உட்கார்ந்துவிட்டது. சோடா உப்பு நீரால் மேலே கழுவினேன். உள்ளே ஏறியதை எது கழுவும்? வயரோடு இணைந்த டெர்மினலில் இனி அமிலம் வைக்கமாட்டேன். கழற்றித் தனியாகக் கையில் எடுத்த பித்தளைத் துண்டுக்கு வேண்டுமானால் செய்யலாம்.

ஹெட்லைட் ஹோல்டரைச் சுத்தம் செய்ய முயலவே இல்லை. சூட்டில் விறைப்பிழந்த டெர்மினலை இடுக்கியால் நெரித்துக் கொடுத்தால் சில நாள் பிடிக்கும், பிறகு தளரும். வெட்டி எறிந்தேன். வயரைச் சீவியபோது உள்ளே செம்பு கறுத்திருந்தது. கறுத்த இழையில் எந்த டெர்மினலை நெரித்தாலும் அது கறுப்பின் மேல் கட்டிய வீடுதான். ஏழு சென்டிமீட்டர் உள்ளே போன பிறகே சிவந்த செம்பு கிடைத்தது. அதே தடிமனுள்ள புதிய வயர்த் துண்டை நெரிப்பு முறையில் இணைத்து, உட்புறம் பசை தடவிய, சூடு பட்டால் சுருங்கும் குழாயால் மூடினேன். சாலிடர் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. ஈயம் ஏறிய பகுதி விறைத்து, அது முடியும் இடத்தில் அதிர்வால் வயர் ஒடிவதைப் பார்த்திருக்கிறேன். ஒழுங்கான கருவியால் நெரித்த இணைப்பே ஓடும் வண்டிக்குத் தக்கது.

எல்லாப் பெண் டெர்மினல்களையும், அதே அளவுள்ள ஓர் உதிரி ஆண் ஊசியைச் செருகி இழுத்துப் பார்த்தேன். நல்லது விரலைச் சற்று எதிர்த்து விடும். தளர்ந்தது வெண்ணெயில் கத்திபோல் வரும். மொத்தத்தில் மூன்று தளர்ந்திருந்தன.

கிரீஸ் பற்றிய சண்டை

மின்காப்பு சிலிக்கோன் கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது. அப்படியானால் அதைத் தொடுமுனையில் ஏன் தடவ வேண்டும் என்று கேட்பவர்கள் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். டெர்மினலின் இதழ் ஊசியை அழுத்தும் இடத்தில் அழுத்தம் மிக அதிகம். அங்கே கிரீஸ் பிதுங்கி விலகிவிடும், உலோகம் உலோகத்தைத் தொடும். சுற்றியுள்ள இடுக்குகளில் அது தங்கி, காற்றும் ஈரமும் நுழையாமல் தடுக்கும். முன்சொன்ன நுண்ணிய உரசலையும் ஓரளவு வழுக்கலாக்கும்.

மின்சாரம் கடத்தும் செம்புப் பசையைப் பல ஊசிக் கனெக்டரில் தடவினால் ஊசிக்கு ஊசி பாலம் போட்டதாகிவிடும். பெட்ரோலியம் ஜெல்லி பேட்டரி முனைகளுக்குப் பரவாயில்லை; என்ஜின் அருகே உருகி வழிந்துவிடும், சிலவகை ரப்பர் சீல்களை ஊதவும் செய்யும். சிலிக்கோனுக்கும் போகக் கூடாத இடங்கள் உண்டு. பொறி பறக்கும் சுவிட்ச், ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) முனைகளில் அது எரிந்து கண்ணாடி போன்ற காப்புப் படிவமாகிவிடும். புகையிலுள்ள ஆக்சிஜனை வெளிக்காற்றோடு ஒப்பிட்டு அளக்கும் ஆக்சிஜன் சென்சாரின் கனெக்டரை நான் வெறுமனே துடைத்ததோடு விட்டேன்: பல ஆக்சிஜன் சென்சார்கள் தங்களுக்கு வேண்டிய வெளிக்காற்றை வயர் இழைகளின் இடைவெளி வழியாகத்தான் இழுக்கின்றன, சிலிக்கோன் ஆவி அவற்றுக்கு நஞ்சு.

அளவும் முக்கியம். சீல் உள்ள கனெக்டரில் கிரீஸை அள்ளித் திணித்தால் உள்ளே காற்றுக்கும் கிரீஸுக்கும் வழியின்றி, கனெக்டர் முழுதாக உட்காராமல் பூட்டு அரைகுறையாக நிற்கும். ரப்பர் வளையத்தில் ஒரு மெல்லிய பூச்சு, ஊசிகளில் ஒரு தடவல், அவ்வளவே. அழுக்கின் மேல் தடவுவது அழுக்குக்குக் காவல் வைப்பது.

கடைசியாக, இடது விளக்குக்குப் போகும் வயர் மேலிருந்து நேராகக் கனெக்டருக்குள் இறங்கியிருந்தது. மழைநீருக்குப் போட்ட வாய்க்கால். அதைக் கீழே தொங்கவிட்டு, அங்கிருந்து மேலேறிக் கனெக்டருக்குள் நுழையும்படி கட்டினேன். இப்போது நீர் வளைவின் அடியில் சொட்டிவிடுகிறது. காசில்லாத வேலை, ஆனால் எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது.

பிறகு

அதே 13.9 வோல்ட்டில் மறுபடி அளந்தேன். எர்த் பாதை இழப்பு 1.8லிருந்து 0.04. நேர்முனைப் பாதை 0.9லிருந்து 0.3; மிச்சம் பழைய சுவிட்சினுடையது, ரிலே போட்டால் அதுவும் குறையும். இடது பல்ப்புக்கு இப்போது 13.5 வோல்ட்டுக்கு மேல் கிடைக்க, வலது விளக்கு மங்கலாகத் தெரிந்தது. ஆக வலதுபக்கத்துக்கும் அதே வைத்தியம். சென்சார் பாதையில் இரு முனைகளிலும் ஒரே எண், கனெக்டரை ஆட்டினாலும் அசையவில்லை. பழைய சென்சாரையே திரும்ப மாட்டி ஓட்டினேன், வேண்டுமென்றே. பெட்ரோல் வாடை வரவில்லை.

ஒரு மழைக்காலம் முழுவதும் கழிந்து அளந்தபோது எர்த் இழப்பு 0.05. அதே மழையில் வலது பின்விளக்கு அணைந்தது. அந்தக் கனெக்டரை வெளியிலிருந்து பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று திறக்காமலே விட்டிருந்தேன். திறந்தால் எர்த் ஊசி பளபளவென்று இருக்கிறது. பக்கத்திலேயே, 12 வோல்ட் வரும் நேர்முனை ஊசி பாதியாகக் கரைந்திருக்கிறது. உள்ளே புகுந்த நீரில் மின்சாரம் ஓடினால் கரைவது நேர்முனைதான். இந்த அளவிலான ஊசி இன்னும் கிடைக்கவில்லை; அதுவரை பகலில் மட்டும் ஓட்டுகிறேன்.